கன்னத்தில் அதக்கிய புகையிலையும் ஆய்வகச் சுண்டெலியும்

வாய்ப்புற்று ஆய்வின் வரலாற்றை மேலை நாட்டு ஆய்வகங்களிலிருந்து தொடங்குவதே வழக்கம். பாம்பனிலிருந்தும் தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெருஞ்சந்தையாக இருந்தது திருவிதாங்கூர். இரண்டுக்கும் நடுவே பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, அவற்றை இணைக்கும் பாம்பன் கால்வாய். சரக்கு இறங்கிய சீமையில் நோயும் கண்ணில் பட்டது. அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரின் லண்டன் மிஷன் மருத்துவமனையைச் சேர்ந்த ஐ. எம். ஓர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். 1959இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வி. சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் இந்நோயின் காரணங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

நோயாளியிடம் கண்டதை விலங்கில் காட்டுவது எளிதாக இல்லை. சுண்டெலி வெற்றிலை மெல்லாது; இரவெல்லாம் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு தூங்கவும் தூங்காது. 1960இல் சிங்கப்பூரில் மியூரும் கிர்க்கும் வெற்றிலைச் சுருளிலிருந்து எடுத்த சாற்றைச் சுண்டெலியின் காதில் தடவிப் பார்த்தார்கள். வாய்நோய்க்குக் காதில் சோதனையா என்று நகைக்கலாம். அன்று கைக்கு எட்டிய வழி அது. ஹாம்ஸ்டரின் கன்னப்பை இதைவிடப் பொருத்தமாகத் தோன்றியது. 1954இல் சாலி அதில் டிஎம்பிஏ என்னும் வேதிப்பொருளைத் தடவிப் புற்றை உண்டாக்கினார். பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இம்முறை வேரூன்றியது.

அந்தப் பையில் ஒரு குறை இருந்தது. நிணநீர் வடிகால் சரியாக இல்லாததால் அங்கே வைத்த அந்நியத் திசுவைக்கூட உடல் எளிதில் விரட்டாது. நோயெதிர்ப்பு ஆற்றலை ஆராய அது ஏற்ற இடமன்று. அடுத்து வந்த 'நூட்' சுண்டெலியிடம் இக்குறை இன்னும் பெரிது. கிளாஸ்கோவில் 1962இல் கண்டறியப்பட்ட அந்த முடியில்லாச் சுண்டெலிக்குத் தைமஸ் சுரப்பி கிடையாது; ஆகவே நோயை எதிர்க்கும் டி செல்கள் முதிர்வதில்லை. 1969இல் ரைகார்டும் பவுல்சனும் மனிதக் கட்டியை அதன் உடலில் வளர்த்துக் காட்டினார்கள். மருந்து கட்டியைக் கொல்கிறதா என்று பார்க்க அது போதும். கட்டியோடு உடல் எப்படிப் போராடுகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. காவல் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு திருட்டை ஆராய்ந்த காலம் என்றே அதைச் சொல்வேன்.

திருப்பம் தாமதமாகவே வந்தது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரவீந்திர உப்பலூரியின் குழு, சுண்டெலியின் வாய்க்குள் டிஎம்பிஏ தடவி வந்த கட்டிகளிலிருந்து செல் வரிசைகளை உருவாக்கி 2012இல் வெளியிட்டது. இவற்றை நோயெதிர்ப்பு குன்றாத, அதே மரபுவழிச் சுண்டெலியிலேயே வளர்க்கலாம். அவற்றில் எம்ஓசி1 என்னும் வரிசையின் கட்டி மெல்ல வளரும். டி செல்கள் அதை அடையாளம் காணும். எம்ஓசி2 வேகமாகப் பரவும். டி செல்களுக்கு எளிதில் பிடிபடாது. ஒரே வாய், இரண்டு குணம். ஒரே மருந்து ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலிக்காததன் சாயல் இங்கே தெரிந்தது. 2019இல் கட்கின்டின் குழு 4என்கியூஓ என்னும் வேதிப்பொருளால் உண்டாக்கிய கட்டிகளில், புகையிலை விடும் தடத்தை ஒத்த மரபணு மாற்றங்கள் இருந்தன. டி செல்களின் தடையை நீக்கும் பிடி-1 தடுப்பு மருந்துக்கு, மனிதக் கட்டிகளைப் போலவே, அவற்றில் சிறு பகுதியே இணங்கியது.

இவற்றிலும் பாக்கு இல்லை, சுண்ணாம்பு இல்லை. புகையிலை சேராத பாக்கே புற்றுக்குக் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. தெற்காசிய வாயை ஆராய்வதாகச் சொல்லும் எந்த மாதிரிக்கும் பாக்கே முதல் தேர்வாக வேண்டும் என்பது என் துணிபு.

சுண்டெலியிலிருந்து மனிதருக்குப் போன பாதையும் உண்டு. அறுவைக்கு முன்பே பெம்ப்ரோலிசுமாப் என்னும் பிடி-1 தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த கீநோட்-689 ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் அதே உப்பலூரி. 2025 ஜூனில் அமெரிக்கா அம்முறைக்கு அனுமதி தந்தது. ஆனால் விலை? பாம்பன் அடங்கிய இராமநாதபுரத்துக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இந்த மருந்தின் விலை மீனவக் குடும்பத்துக்கு எட்டுமளவு இறங்கவில்லை. அதே 2022இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை 151 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. அதே வகை மருந்தான நிவோலுமாபின் எடைக்கேற்ற வழக்கமான அளவு, 60 கிலோ எடையுள்ளவருக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை 180 மில்லிகிராமாக இருந்தது. அங்கே கொடுத்தது மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டுமே, விலை குறைந்த மாத்திரைகளோடு. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தது.