வாளும் விலைச்சீட்டும்: ஃபிரீசியக் கிளர்ச்சியாளர் பியர் டோனியாவின் வரலாறும் தொன்மமும்

நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் உள்ள ஃபிரீஸ்லாந்து அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய வாள் இருக்கிறது. நீளம் இரண்டு மீட்டருக்கும் அதிகம். எடை ஏறக்குறைய 6.6 கிலோ. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பியர் கெர்லொஃப்ஸ் டோனியா என்பவரின் வாள் என்பது மரபு. ஃபிரீசியர்கள் அவரை 'க்ரட்டெ பியர்', அதாவது 'பெரிய பியர்' என்பார்கள். இத்தனை கனமான வாளை ஒரு மனிதனால் போரில் வீச முடியுமா என்பதே இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்வி. அப்படி வீசிய ஒருவர் யாருக்குத் தேவைப்பட்டார் என்ற கேள்வி அதைவிடப் பயனுள்ளது. பியரைப் பற்றிய தொன்மம், ஒரு நாட்டை விலைபேசி விற்றதற்கு எதிராக எழுந்த அரசியல் போரை ஒரு தனிமனிதனின் உடல் வலிமையாகவும் பழிவாங்கலாகவும் சுருக்கிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விற்கப்பட்ட நாடு

இடைக்கால ஐரோப்பாவில் ஃபிரீஸ்லாந்து ஒரு விதிவிலக்கு. வட கடலோரச் சதுப்பு நிலத்தில் கரைகட்டிப் பயிர்செய்து, மாடு வளர்த்து வாழ்ந்த அம்மக்களுக்கு நெடுங்காலம் நிலவுடைமைப் பிரபு என்று எவரும் இல்லை. தங்களுக்கு அந்தச் சுதந்திரத்தை அளித்தவர் பேரரசர் சார்லமேன் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையே ஒரு கட்டுக்கதைதான். ஆனால் அதன் மீது நின்ற உரிமை உணர்வு உண்மையானது.

தலைவன் இல்லாத அந்நாட்டில் உட்பகை மிகுந்திருந்தது. ஸ்கீரிங்கர், ஃபெட்கோப்பர் என்னும் இரு கட்சிகள் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டன. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கீரிங்கர் கட்சியினர் சாக்சனியின் கோமகன் ஆல்பிரெக்டின் உதவியை நாடினர். பின்னாளில் பேரரசரான மாக்சிமிலியன் 1498இல் அவரையே ஃபிரீஸ்லாந்தின் பரம்பரை ஆளுநராக்கினார். பஞ்சாயத்துப் பேச வந்தவர் வீட்டுக்கே உரிமையாளர் ஆன கதை இது. ஆல்பிரெக்ட் 1500இல் இறந்தார். ஆட்சி அவர் மைந்தர்களிடம் சென்றது. வரியும் கிளர்ச்சியும் கூலிப்படைச் செலவும் ஆண்டுதோறும் ஏறின. அவர் மகன் ஜார்ஜ் 1515 மே மாதத்தில் தம் உரிமையை 1,00,000 பொற்கில்டருக்கு பர்கண்டி கோமகன் சார்லசுக்கு விற்றுவிட்டார். பின்னாளில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆன அவருக்கு அப்போது வயது 15. ஃபிரீஸ்லாந்தின் அண்டை நாடான ஹாலந்து ஏற்கெனவே அவர் ஆட்சியில் இருந்தது.

எரிந்த வீடு எதை விளக்குகிறது?

பியர் 1480 வாக்கில் ஹார்லிங்கன் துறைமுகத்தை அடுத்த கிம்ஸ்வெர்த் சிற்றூரில் பிறந்தவர். சொந்த நிலம் வைத்திருந்த வசதியான உழவர். தாய்வழியில் பிரபுக் குடும்பத் தொடர்பும் உண்டு. அடிமட்டத்திலிருந்து எழுந்த ஏழைக் குடியானவன் என்ற படிமம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது. 1515 ஜனவரி 29 அன்று, சம்பளப் பாக்கியால் சினந்திருந்த சாக்சனியக் கூலிப்படையான 'கறுப்புப் படை' கிம்ஸ்வெர்த்தைச் சூறையாடியது. பியரின் வீடும் எரிந்தது. மனைவியும் கொல்லப்பட்டார் என்று மரபுக்கதை சேர்த்துச் சொல்லும். ஏர் பிடித்தவர் வாள் பிடித்தது அன்று முதல்தான்.

இந்த நிகழ்ச்சி கிளர்ச்சியின் தொடக்கத்தை விளக்குகிறது. அதன் திசையை விளக்கவில்லை. வீட்டை எரித்தவர்கள் சாக்சனியின் சம்பளப் பட்டியலில் இருந்த கூலிப்படையினர். பியர் கடலில் வேட்டையாடியதோ பெரும்பாலும் ஹாலந்து வணிகர்களின் கப்பல்களை. பழிதான் ஒரே நோக்கம் என்றால் குறி தவறியது என்றே சொல்ல வேண்டியிருக்கும். 1515 மே மாத விற்பனையைக் கணக்கில் கொண்டால் குறி தவறவில்லை என்பது விளங்கும். ஃபிரீஸ்லாந்தை வாங்கியவரின் செல்வமும் கடல் வலிமையும் ஹாலந்து நகரங்களில் இருந்தன. ஆம்ஸ்டர்டாமின் கப்பல்கள் பால்டிக் வணிகத்துக்குச் செல்ல சைடர்சே என்னும் உள்கடலைக் கடந்தாக வேண்டும். அந்தக் குறுகிய நீர்ப்பரப்பின் வடகிழக்குக் கரை ஃபிரீசியருடையது. எதிரியின் கழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தே பியர் கை வைத்திருக்கிறார்.

கொள்ளையரா, தளபதியா?

பியரின் ஆட்கள் 'ஆரும் ஊரின் கறுப்புப் படை' எனப்பட்டனர். ஊரை எரித்த படைக்கும் எதிர்த்து எழுந்த படைக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்! இவர்களுக்குப் பின்னால் நின்றவர் கெல்டர் நாட்டுக் கோமகன் சார்லஸ். மாக்சிமிலியனும் பர்கண்டி சார்லசும் சேர்ந்த ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் நெடுநாள் பகைவரான அவர் பணமும் படையும் கொடுத்தார். ஆகவே பியர் கெல்டரின் பார்வையில் கடற்படைத் தளபதி, ஹாலந்தின் பார்வையில் கடற்கொள்ளையர். கப்பலைப் பிடித்த செயல் ஒன்றுதான். நாடு யாருக்கு உரியது என்பதற்கான விடையைப் பொறுத்தே பெயர் மாறியது.

அவருக்குச் சூட்டப்பட்ட பட்டங்களும் இதற்குச் சான்று. ஹாலந்தியரின் சிலுவை, டேனியரை அழிப்பவர், ஹாம்பர்க் கப்பல்களைச் சிறைபிடிப்பவர் என்று அவை நீள்கின்றன. இந்தப் பட்டியலில் இருப்பவை அக்கடலின் வணிக வல்லமைகள். வீட்டை எரித்தவர்களின் பெயர் இதில் இடம்பெறவில்லை.

இவ்வாறு சொல்வது அவரைக் குற்றமற்றவர் ஆக்குவதற்காக அன்று. 1517 கோடையில் அவர் தலைமையில் கடல் கடந்த படை ஹாலந்தின் மேதெம்ப்ளிக் நகருக்கு அருகே இறங்கி அதைத் தாக்கியது. கோட்டை பிடிபடவில்லை, நகரம் எரிந்தது. அடுத்து அல்க்மார் நகரம் எட்டு நாள் சூறையாடப்பட்டது. கிம்ஸ்வெர்த்தில் நடந்ததே மேதெம்ப்ளிக்கிலும் நடந்தது. அங்கே வீடிழந்தவர்களுக்கு ஃபிரீஸ்லாந்து விற்கப்பட்டதில் எந்தப் பங்கும் இல்லை. வீரவணக்க நூல்கள் கிம்ஸ்வெர்த்தில் நீண்ட நேரம் நின்றுவிட்டு மேதெம்ப்ளிக்கை விரைந்து கடக்கும் பழக்கம் இருக்கிறது. ஆய்வாளருக்கு அந்த உரிமை கிடையாது.

பிடிபட்டவர்கள் ஃபிரீசியரா என்று அறிய அவர் வைத்த சோதனை மிகப் புகழ்பெற்றது. வெண்ணெய், ரை ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி ஆகிய மூன்றின் பெயர்களும் அடங்கிய ஃபிரீசிய வாய்மொழித் தொடர் ஒன்றைச் சொல்லச் சொல்வாராம். நாக்குப் புரளாதவர் அயலார். பழைய ஏற்பாட்டின் 'ஷிபோலெத்' கதையிலும் இதே அமைப்பைக் காணலாம். உண்மையில் நடந்ததோ இல்லையோ, இக்கதை ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: கட்சிகளாகப் பிளந்து கிடந்த மக்களை மொழியால் ஒன்றாக எண்ணிப் பார்க்கும் ஆசை. ஸ்கீரிங்கரும் ஃபெட்கோப்பரும் அத்தொடரை ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

உடல் வளர்ந்தது, கடல் மறைந்தது

கெல்டர் கோமகனின் ஆதரவுக்கும் ஒரு விலை இருந்தது. அவருக்கும் ஃபிரீஸ்லாந்து வேண்டியிருந்தது. ஓர் உரிமையாளரை விரட்ட இன்னொருவருக்கு இடம் கொடுத்த 1498இன் தவறு மீண்டும் நடந்தது. பியர் 1519இல் போரிலிருந்து விலகி ஸ்நேக் நகரில் தங்கினார். 1520 அக்டோபர் 28 அன்று படுக்கையிலேயே இறந்தார். அவர் இடத்துக்கு வந்த வைஜார்ட் யெல்கமா பிடிபட்டு 1523இல் லேவார்டனில் தலைவெட்டப்பட்டார். 1524இல் ஃபிரீஸ்லாந்து முழுவதும் ஐந்தாம் சார்லசின் ஆட்சிக்குள் வந்தது.

தோற்றுப்போன அரசியலுக்கு வாரிசு இல்லை. பெரிய உடலுக்கு வாரிசுகள் பலர். ஸ்நேக்கை அடுத்த தாபோர் மடத்துத் துறவி பீட்டர், பியரின் காலத்தவர். கரிய நிறம், பெரிய கண்கள், அகன்ற தோள், அச்சுறுத்தும் பார்வை என்று அவர் வருணித்திருக்கிறார். எனவே உடற்பருமை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. ஆனால் வருணனை ஓரிடத்தில் நிற்க, கதை வளர்ந்துகொண்டே போனது. நாணயத்தை விரல்களால் வளைத்தார். வழி கேட்ட படைவீரர்களுக்கு ஏரை ஒரு கையால் தூக்கித் தம் வீட்டைச் சுட்டினார். ஒரே வீச்சில் பல தலைகளை உருட்டினார். இவை பியருக்கே உரியவை அல்ல. சாக்சனியில் 'வலியவர்' என்று பெயர்பெற்ற அகஸ்டஸ் குதிரை லாடத்தைக் கையால் முறித்தார் என்பது இதே இனத்துக் கதை. ஐரோப்பாவெங்கும் உலவிய வலியோர் கதைகள், பொருத்தமான ஓர் உடல் கிடைத்ததும் வந்து ஒட்டிக்கொண்டன. வாளும் அவ்வாறு ஒட்டியதாகவே தோன்றுகிறது. போர்க்களத்து இருகை வாள்கள் பொதுவாக இதில் பாதி எடைதான் இருக்கும். இத்தகைய கனத்த வாள்கள் ஊர்வலத்துக்கும் அணிவகுப்புக்கும் உரியவை.

அரசியல் போரை உடல் வலிமையாக்கிய இந்தச் சுருக்கம் இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது. ஹாலந்தியர்க்கு, வெறிகொண்ட ஓர் அரக்கனை எண்ணிக்கொள்வது, விலைக்கு வாங்கிய உரிமை செல்லுமா என்று கேட்பதைவிட எளிது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிரீசிய மொழி மறுமலர்ச்சியில் ஈடுபட்டோர்க்கு, மனைவியையும் மனையையும் இழந்த நல்லவர், கெல்டரின் பணத்தில் போர் நடத்திய தளபதியைவிட உகந்தவர். பழிவாங்கல் கதையில் விற்பனையும் இல்லை, உட்பகையும் இல்லை, மேதெம்ப்ளிக்கும் இல்லை.

முடிவுரை

பியர் டோனியா கொள்ளையரும்தான், விடுதலைப் போராளியும்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வாதம், 1515இன் உரிமைச் சிக்கலை முன்கூட்டியே ஒரு பக்கமாகத் தீர்த்துவிட்டுப் பேசுகிறது. அவரை அளக்க உதவும் எண்கள் வாளின் நீளமும் எடையும் அல்ல. சைடர்சே கடல் 1932இல் அணையால் அடைபட்டு நன்னீர் ஏரியாகிவிட்டது. அவர் போரிட்ட நீர்ப்பரப்பே இன்று வேறு. கிம்ஸ்வெர்த்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, லேவார்டனில் வாள் இருக்கிறது. அந்த வாளைப் பற்றி எழுதுவோர் அதன் எடைக்கு அருகில் 1,00,000 பொற்கில்டர் என்ற எண்ணையும், மேதெம்ப்ளிக் என்ற ஊரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.