பள்ளிக்கூடப் பசங்க ஏன் ஆயுதம் எடுத்தாங்க?

ஈழத்துல படிக்கிற பசங்க ஏன் ஆயுதம் எடுத்தாங்கன்னு கேட்டா, நம்ம பக்கம் ரெண்டு பதில் தயாரா இருக்கும். ஒண்ணு, "தரப்படுத்தல்". இன்னொண்ணு, "யாரோ மூளைச்சலவை செஞ்சுட்டாங்க". ரெண்டுமே பாதிதான் சரின்னு எனக்குப் படுது.

முதல்ல தரப்படுத்தல். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்த பிறகு, பல்கலைக்கழகத்துல சேர தமிழில் தேர்வெழுதினவனுக்கு ஒரு கட்-ஆஃப், சிங்களத்தில் எழுதினவனுக்கு வேறொரு கட்-ஆஃப் என்று ஆனது. பேராதனையில் பொறியியல் படிக்க தமிழ் மாணவன் 400க்கு 250 எடுக்கணும். சிங்கள மாணவனுக்கு 227 போதும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. யாழ்ப்பாணத்துப் பசங்களுக்கு ரெண்டும் சேர்ந்து விழுந்த அடி.

ஆனா ஒதுக்கீடுன்னாலே அநியாயமா? கொல்லிமலையில குண்டூர் நாட்டு மலையாளிப் பழங்குடிப் பையன் ஒருத்தனை எடுத்துக்குங்க. நாமக்கல்லில் கோச்சிங் படிக்கிற பையனோட அவனை ஒரே தராசில் நிறுத்தினா அதுதான் அநியாயம். அவனுக்காகத்தான் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம் இருக்கு. இலங்கையிலும் மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணத்துக்கு வெளியே, பின்தங்கிய மாவட்டங்களில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வழி கிடைத்தது. ஆக, சீட் போனதால மட்டும் யாரும் குண்டு எடுக்கறதில்லை.

அப்ப வேற என்ன? 1956இல் பிறந்த ஒரு பையனைக் கற்பனை செஞ்சு பாருங்க. அவன் பிறந்த வருஷம் தனிச்சிங்களச் சட்டம். அதை எதிர்த்து காலிமுகத்திடலில் சத்தியாகிரகம் இருந்தவங்களைக் கும்பல் அடிச்சு விரட்டுது. அவனுக்கு ரெண்டு வயசாகும்போது பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்படுது. அஞ்சு வயசுல, 1961இல், யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் நடந்த சத்தியாகிரகத்தை ராணுவம் வந்து முடிச்சு வைக்குது (கலெக்டர் ஆபீசை அங்கே கச்சேரின்னு சொல்வாங்க). 1965இல் டட்லியோட இன்னொரு ஒப்பந்தம். அதுவும் நடக்கலை. 1972இல் தந்தை செல்வா புது அரசியலமைப்பை எதிர்த்து காங்கேசன்துறை எம்.பி. பதவியையே விடறார். 'மக்கள் என்ன சொல்றாங்கன்னு தேர்தல் வெச்சுப் பாருங்க'ங்கறதுதான் சவால். அந்த இடைத்தேர்தலை நடத்த அரசுக்கு 1975 பிப்ரவரி வரை நேரம் தேவைப்பட்டது!

அதாவது அப்பாவும் மாமாவும் காந்தி வழியில போய், எழுதிக் குடுத்து, உட்கார்ந்து, அடி வாங்கினதைப் பார்த்தே அவன் வளர்ந்திருக்கான். அதுவரை அடி பெரியவங்களுக்கு. மார்க் லிஸ்ட் வந்தப்போ அதுல இருந்தது அவன் பேர்.

1974 ஜனவரி 10. யாழ்ப்பாணத்துல உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். போலீஸ் நடவடிக்கையில் கூட்டம் சிதறி, மின்கம்பி அறுந்து விழுந்து, ஒன்பது பேர் செத்தாங்க. அதே வருஷம் ஜூன் 5இல் உரும்பிராய் பொன். சிவகுமாரன் போலீஸ் பிடிக்க வந்தப்போ சயனைடு தின்னு செத்தார். வயசு 23. இவங்களை யாரும் மூளைச்சலவை செய்யலை. பெரியவங்க போன பாதை எங்கே போய் முட்டுச்சுன்னு அவங்களே பார்த்தாங்க.

இது ஈழத்துக்கு மட்டும் உள்ள கணக்கு இல்லை. 1987 டிசம்பரில் காசாவில் கல்லெடுத்த பசங்களில் பெரும்பாலானவங்க 1967 ஆக்கிரமிப்புக்குப் பிறகு பிறந்தவங்கதான்.

இதோட நிறுத்தினா அது பாதி வரலாறு. 1975 ஜூலை 27இல் பிரபாகரன் சுட்டது யாழ்ப்பாண மேயர் துரையப்பாவை. அவரும் தமிழர். அப்புறம் இயக்கமே பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பிச்சது. 17 வயசுக்குக் கீழே சேர்க்க மாட்டோம்னு 1998இல் ஐ.நா.வுக்கு வாக்குக் குடுத்த பிறகும் யுனிசெஃப் கணக்கில் பிள்ளைகள் வந்துக்கிட்டே இருந்தாங்க. 1974இல் தானா கிளம்பின இளைஞன் வேற. 2009இல் அம்மா கையிலிருந்து பிடுங்கிட்டுப் போன பிள்ளை வேற. ரெண்டு பேரையும் "போராளி"ங்கற ஒரே வார்த்தையில அடக்கறது அந்தப் பிள்ளைக்குச் செய்யற துரோகம்.

எங்கேயாவது ஒரு பையன் கல்லெடுத்தான்னு செய்தி வந்தா, யார் தூண்டினாங்கன்னு தேடறதுக்கு முன்னாடி, அவன் அப்பா குடுத்த மனு என்ன ஆச்சுன்னு பாக்கணும். அவன் கையில துப்பாக்கியைக் குடுத்து அனுப்பினது யாருன்னும் அதே குரல்ல கேக்கணும். நம்மில் பலர் ஒரு கேள்வியோட நிறுத்திக்கிறோம். நீங்க என்ன நினைக்கறீங்க?