குலக்கல்வி: ஒரு பெயரும் அதன் வலிமையும்

எதிராளியின் திட்டத்தை வாதத்தால் மறுப்பதைவிட அதற்கு வேறு பெயர் சூட்டிவிடுவதே தமிழ் அரசியல் மேடையில் விரைந்து பலித்த உத்தி என்பதற்கு, 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு நேர்ந்த கதியே போதிய சான்று. நாட்டுப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, பிரிவுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம் நடத்தி, எஞ்சிய பொழுதில் அவர்கள் பெற்றோரிடம் தொழில் பழகட்டும் என்பது அத்திட்டம். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம்.

திராவிட இயக்கத்தார் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றனர். அப்பன் தொழிலே மகனுக்கு என்று விதிக்கும் வருணமுறையைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு முழுவதும் அந்த ஆறெழுத்துக்குள் அடங்கிற்று. சாதிக்குத் தனிப்பந்தி வைத்த சேரன்மாதேவி குருகுலச் சச்சரவை மறவாதோர் காதில் ‘குருகுலக் கல்வி’ என்பதன் எதிரொலியும் விழுந்திருக்கும். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இத்திட்டமே. சாதிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ராஜாஜி எவ்வளவு விளக்கியும் பெயர் உதிரவில்லை. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, அடுத்து வந்த காமராசர் மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார்.

1929இலேயே பினாங்குக்கு வந்திருந்த பெரியார் 1954இன் இறுதியில் மீண்டும் மலாயாவுக்கு வந்தபோது, அச்சொல்லை இங்குள்ளோருக்கு விளக்கத் தேவை அதிகம் இருந்திராது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், ஜுரு உள்ளிட்ட தோட்டப்புறங்களில், பால்மரம் வெட்டுபவர் மகனும் பால்மரம் வெட்டுவதற்கு அரசாணை எதுவும் வேண்டியிருக்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தும், பல தோட்டங்களில் கிராணியோ (தோட்ட அலுவலக எழுத்தர்) கங்காணியோ ஆசிரியராக நிற்க, படிப்பு தொடக்கநிலையோடு முடிந்தது. குலக்கல்வி என்ற பெயர் சென்னைத் திட்டத்தைவிட இத்தோட்டப் பள்ளிகளுக்கே கூடுதலாகப் பொருந்தியது எனலாம்.

ஆயினும் பினாங்குத் தமிழர் அச்சொல்லின் இலக்கான தலைவரையே ஒதுக்கிவிட்டார்கள் எனக் கொள்வதற்கில்லை. ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கும் அதே மாநிலத்தில், ஆயர் ஈத்தாமில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் ராஜாஜியின் பெயரைத் தாங்கியுள்ளது.