சிஸ்டைன் சுவரில் ஒரு திருத்தம்

வாடிகன் மியூசியத்தில் பொதுக்கூட்டத்தை விடுவதற்கு முன்பே, விடிகாலையில் சின்னக் குழுக்களை அழைத்துப் போகிறார்கள். டிக்கெட் விலை கொஞ்சம் ஜாஸ்திதான். சிஸ்டைன் தேவாலயத்துக்குள் எல்லோரும் கூரையையே அண்ணாந்து பார்க்க, நான் பீடத்துச் சுவரிலேயே நின்றுவிட்டேன்.

மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை தீட்டிய 'இறுதித் தீர்ப்பு'. ஏராளமான நிர்வாண உருவங்கள். முகம் சுளித்தவர்கள் அப்போதே உண்டு. 1564 ஜனவரியில் மறைக்கச் சொல்லி முடிவானது. பிப்ரவரியில் ஓவியர் இறந்துபோனார். மறுவருடம் துணி வரைந்தவர் அவருடைய நண்பரேதான், டானியல் தா வோல்தெரா. பாவம், 'கால்சட்டைக்காரர்' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்!

பல இடங்களில் மேலே வண்ணம் பூசியதோடு சரி. ஆனால் புனித பிளேசியஸ், கத்தரீனா இருவரிடமும் சாந்தையே கொத்தியெடுத்துப் புதிதாக வரைந்தார். எங்கள் லெட்ஜரில் தப்பை ஒரே கோடாக அடித்து இனிஷியல் போடுவோம், அடியிலிருப்பது தெரியவேண்டும். சுரண்டினால் மெமோ வரும்.

1990-94 சீரமைப்பில் பிற்காலத்துத் துணிகள் சிலவற்றை நீக்கினார்கள். டானியலுடையதை, அதுவும் சரித்திரமென்று விட்டுவைத்தார்கள். கொத்திய இடத்தில் மீட்க ஒன்றுமில்லை. மர்செல்லோ வெனுஸ்தி 1549-ல் எடுத்த நகல் நேப்பிள்ஸில் இருக்கிறது. கத்தரீனா அதில் பழையபடியே இருக்கிறார்.