பிரசங்க பீடத்திலிருந்து ஒரு குரல்

1960-ஆம் ஆண்டு நியூயார்க்கில் வான்டேஜ் பிரஸ் என்ற பதிப்பகம் ஒரு நூலை வெளியிட்டது. எழுதியவரிடமே செலவை வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தரும் பதிப்பகம் அது. பெரிய பதிப்பாளர்கள் தொடத் துணியாத கையெழுத்துப் பிரதிகள் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். நூலின் பெயர் ‘கிரைஸ்ட் அண்ட் தி ஹோமோசெக்ஷுவல்’. கிறிஸ்துவின் பெயரையும் தன்பால் ஈர்ப்பு கொண்டவரையும் ஒரே அட்டையில் சேர்த்து வைப்பதையே அன்றைய அமெரிக்காவில் பலர் தெய்வ நிந்தனையாகக் கருதியிருப்பார்கள். அதைவிடத் துணிச்சலான செய்தி ஒன்றும் அந்த அட்டையில் இருந்தது. எழுதியவர் தம் சொந்தப் பெயரைப் போட்டிருந்தார்: அருட்திரு ராபர்ட் வுட். நியூயார்க் மாநிலத்தின் ஸ்ப்ரிங் வேலி என்ற சிற்றூரில் சபை நடத்திக்கொண்டிருந்த போதகர்.

சொந்தப் பெயரைப் போட்டது ஏன் பெரிய விஷயம் என்பது அன்றைய நிலைமையை அறிந்தால் புரியும். அப்போது அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இரண்டு ஆண்களுக்கிடையிலான உறவு சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை முதலில் நீக்கிய இல்லினாய்கூட 1961-இல்தான் நீக்கியது. 1953 ஏப்ரலில் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450-ஆம் எண் ஆணை, ‘பாலியல் பிறழ்வு’ என்ற காரணத்தைக் காட்டி மத்திய அரசு ஊழியர்களை வெளியேற்ற வழிசெய்தது. மனநல மருத்துவர்களின் சங்கம் 1973 வரை தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. மதுக்கூடங்களில் போலீஸ் சோதனை நடக்கும். பிடிபட்டவர்களின் பெயர்கள் மறுநாள் நாளிதழில் வரும். வேலையும் வீடும் போகும். 1951-இல் ‘தி ஹோமோசெக்ஷுவல் இன் அமெரிக்கா’ என்ற முக்கியமான நூலை எழுதியவர், டொனால்ட் வெப்ஸ்டர் கோரி என்ற புனைபெயருக்குப் பின்னால்தான் நின்றார். அவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அன்று அதுதான் வழக்கம், அதுதான் பாதுகாப்பு. வுட் அந்தப் பாதுகாப்பை வேண்டாம் என்று வைத்தார்.

1923-இல் ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் காலாட்படை வீரராக இத்தாலியில் சண்டையிட்டுப் படுகாயமடைந்தார். வீரப் பதக்கத்தோடு ஊர் திரும்பிக் கல்லூரியில் சேர்ந்தார், பிறகு ஓபர்லின் இறையியல் பள்ளியில் படித்தார். 1951-இல் வெர்மான்ட் மாநிலத்தில் கன்கிரிகேஷனல் சபையில் போதகராக அபிஷேகம் பெற்றார். தாம் யார் என்பது அவருக்கு அதற்கு முன்பே தெரியும். அழைப்பும் ஈர்ப்பும் ஒரே மனிதருக்குள் இருந்தன. இரண்டில் எதையும் கடவுளிடமிருந்து ஒளிக்க வேண்டியதில்லை என்று அவர் நம்பினார். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் வேர் இந்த நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன்.

1956-லேயே அவர் எழுதத் தொடங்கிவிட்டார். ‘கிரீஷியன் கில்ட் பிக்டோரியல்’ என்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. வெளிப்பார்வைக்கு உடற்பயிற்சிப் பத்திரிகை. உண்மையில் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் தன்பால் ஈர்ப்பு கொண்ட ஆண்கள். ஆலயத்துக்குள் கால்வைக்க அஞ்சிய அந்த வாசகர்களுக்காக, ஆன்மிகப் பயிற்சி பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதினார் வுட். ஆடுகள் தொழுவத்துக்கு வரவில்லையென்றால் மேய்ப்பன் அவை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதை அவர் அப்படியே செய்து காட்டினார்.

இனி நூலுக்கு வருவோம். இந்த விஷயத்தில் வுட்டுக்கு முன்பே ஓர் இறையியலாளர் தடம் பதித்திருந்தார். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் குருவான டெரிக் ஷெர்வின் பெய்லி 1955-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேதாகமத்தில் வரும் சோதோம் நகரம் அழிந்தது விருந்தினரை வதைத்த கொடுமைக்காகவே, அந்தக் கதையைத் தன்பால் உறவுக்கான தண்டனையாகப் படிப்பது பின்னால் வந்த வழக்கம் என்று பெய்லி வாதிட்டார். பிரிட்டனில் சட்டத்தை மாற்றப் பரிந்துரைத்த 1957-ஆம் ஆண்டின் வுல்ஃபென்டன் அறிக்கைக்கு அவருடைய உழைப்பும் துணைநின்றது. ஆனால் பெய்லியின் அக்கறை வேத ஆராய்ச்சியிலும் குற்றச் சட்டத்திலும் நின்றுவிட்டது. ‘சரி, இவர்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்கள் எங்கே போவது?’ இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் வுட்.

அவர் கேட்டவை மூன்று. தன்பால் ஈர்ப்பு கொண்டவர்களைத் திருச்சபை முழு அங்கத்தினராக, மனமுவந்து வரவேற்க வேண்டும். அவர்களில் இணைந்து வாழ விரும்புவோரின் மணத்தைச் சபை ஆசீர்வதிக்க வேண்டும். அழைப்புள்ளவர்களுக்குத் திருப்பணியின் கதவு திறந்திருக்க வேண்டும். 1960-இல் ஒரு போதகர் இப்படி எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள். அன்றைய நல்லெண்ணக்காரர்கள் அதிகபட்சமாகக் கேட்டது இரக்கம். பாவியாயினும் மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற மன்றாட்டு. வுட் கேட்டது ஒரு சகோதரனுக்குரிய இடம். இரக்கத்தைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். சகோதரனின் இடத்தை அப்படிப் பறிக்க முடியாது. இந்த வேறுபாட்டை அத்தனை சீக்கிரமாகப் பார்த்த கண்கள் அவருடையவை என்பதே இந்த வார அத்தியாயத்தை அவருக்கு ஒதுக்கியதன் காரணம்.

அதே ஆண்டில், தன்பால் ஈர்ப்பாளர்களின் தொடக்ககால அமைப்பான மாட்டசீன் சொசைட்டி அவருக்கு விருது அளித்தது. திருச்சபை உலகமோ நூலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டது.

அவருடைய வேலை எப்படிப் போகாமல் இருந்தது? விடை அவருடைய சபை அமைப்பில் இருக்கிறது. கன்கிரிகேஷனல் மரபு நமக்கு அந்நியமானதல்ல. 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும், 1834-இல் மதுரைக்கும் வந்த அமெரிக்க மிஷன் அந்த மரபில் வேரூன்றியது. மதுரை அமெரிக்கன் கல்லூரி அதன் கொடை. அந்த மரபில் பேராயர் கிடையாது. ஒவ்வொரு உள்ளூர்ச் சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கும். அனுப்ப வேண்டுமானாலும் தானே முடிவுசெய்யும். மேலிருந்து ஓர் ஓலை வந்து ஒருவரைத் தூக்கிவிட முடியாது. வுட்டின் சபையார் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரை, பெற்றோரின் அடக்க ஆராதனையில் நின்றவரை அறிந்திருந்தார்கள். அவரைப் போதகராக வைத்துக்கொண்டார்கள். சட்டமும் மருத்துவமும் அரசும் கைவிட்ட இடத்தில் சாதாரணச் சபையார் காட்டிய இந்த நிதானத்தை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

1962-இல் ஹியூ கோல்ட்டர் என்ற ஓவியரைச் சந்தித்தார் வுட். அடுத்த 27 ஆண்டுகள், 1989-இல் ஹியூ இறக்கும்வரை, இருவரும் இணைந்து வாழ்ந்தார்கள். நியூ ஜெர்சியின் நூவர்க், பிறகு மாசசூசெட்ஸின் மேனார்ட் என்று வுட் பணி மாறிய ஊர்களுக்கெல்லாம் ஹியூவும் போனார். நூலில் அவர் கேட்டிருந்த மண ஆசீர்வாதம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1965 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய இண்டிபென்டன்ஸ் ஹால் முன்பு ஏறக்குறைய 40 பேர் தன்பால் ஈர்ப்பாளர்களின் உரிமை கோரும் பதாகைகளோடு வட்டமாக நடந்தார்கள். ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் கமேனி. ராணுவ வரைபடத் துறையில் வானியலாளராக இருந்து, 1957-இல் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்பதற்காக வேலையை இழந்தவர். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் கவுனும் அணிந்தே வர வேண்டும் என்பது அவர் போட்ட விதி. வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவர்கள் வேலைக்குத் தகுந்தவர்களாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த வட்டத்தில் நடந்த ஆண்களில் ஒருவருக்கு மட்டும் டை இல்லை. வுட் போதகருக்குரிய வெள்ளைக் காலரோடு வந்திருந்தார். அன்று புகைப்படக் கருவிகளுக்கு முன்னால் முகம் காட்டுவதே ஆபத்து. அவர் முகத்தோடு தம் பதவியையும் காட்டினார். பார்ப்பவருக்கு அந்தக் காலர் ஒன்றைத்தான் சொன்னது: திருச்சபை எதிரே நிற்கிறது என்று நினைக்கிறீர்கள், அதில் ஒரு பங்கு இங்கேயும் நடக்கிறது. அமெரிக்காவில் இந்த உரிமைக்காகப் போதக உடையில் மறியலில் நடந்த முதல் சிலரில் அவர் ஒருவர்.

பொதுவாக இந்த உரிமைப் போராட்டத்தின் வரலாற்றை 1969 ஜூன் மாதத்து ஸ்டோன்வால் மதுக்கூடக் கலவரத்திலிருந்து தொடங்குவார்கள். இப்படித் தொடங்கினால் ஆலயங்களுக்குள் நடந்தது முழுக்க மறைந்துபோகும். 1964-இலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் மெதடிஸ்ட் போதகர் டெட் மெக்கில்வென்னாவின் முயற்சியில், போதகர்களும் தன்பால் ஈர்ப்பாளர்களும் சேர்ந்த கூட்டவை உருவானது. அதற்கு நிதி திரட்ட 1965 புத்தாண்டு தினத்தன்று நடந்த நடன விழாவைப் போலீஸ் முற்றுகையிட்டு, வந்தவர்களையெல்லாம் படம் எடுத்தது. தங்கள் கண்ணால் பார்த்த அந்த அராஜகத்தை மறுநாளே போதகர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டி அம்பலப்படுத்தினார்கள். 1968 அக்டோபர் 6 அன்று, பெந்தெகொஸ்தே சபையால் விலக்கப்பட்ட டிராய் பெரி, லாஸ் ஏஞ்சலஸ் அருகே தம் வீட்டு வரவேற்பறையில் 12 பேரோடு ஆராதனை நடத்தினார். மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் அப்படிப் பிறந்தது. பெரி தனிச் சபை கண்டார். வுட் இருந்த சபையிலேயே இருந்தார். இரண்டுக்கும் தேவை இருந்தது. ஆனாலும் உள்ளேயே நிற்பதற்கு வேறொரு வகைப் பொறுமை வேண்டும்.

வுட்டின் மூன்று கோரிக்கைகளும் அவர் எழுதிய வரிசையில் நிறைவேறவில்லை. 1957-இல் கன்கிரிகேஷனல் சபைகள் மற்றொரு சபையோடு இணைந்து யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் ஆகியிருந்தன. அதன் பொதுப் பேரவை, எல்லா ஈர்ப்பினரையும் வரவேற்று உறுதிப்படுத்துமாறு உள்ளூர்ச் சபைகளை அழைத்தது 1985-இல். அதற்கு அடுத்த ஆண்டு, 35 ஆண்டு ஊழியத்துக்குப் பிறகு வுட் ஓய்வுபெற்றார். அதே பேரவை சமத் திருமண உரிமையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது 2005-இல், அட்லாண்டாவில், அதுவும் ஒரு ஜூலை 4 அன்று. ஹியூ இறந்து அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. வுட் 2018-இல், 95-ஆம் வயதில் காலமானார்.

மூன்றில் முதலில் திறந்தது திருப்பணியின் கதவு. 1972 ஏப்ரல் 30 அன்று, கலிஃபோர்னியாவின் வட்டாரச் சபை மன்றம் கூடி, தம்மைத் தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன பில் ஜான்சன் என்ற இளைஞரைக் கேள்வி கேட்டு வாக்கெடுத்தது. ஆதரவு 62, எதிர்ப்பு 34. ஜூன் 25 அன்று சான் கார்லோஸ் ஆலயத்தில் அவர் தலைமீது கைகள் வைக்கப்பட்டன. அந்த மன்றத்தில் எழுந்த கேள்விகளையும், அபிஷேகம் பெற்ற பிறகும் அவரைப் போதகராக அழைக்கச் சபைகள் தயங்கியதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)