பட்டியலில் இல்லாத ஆள்

ஆவணத்துல பேர் இல்லைன்னா ஆளே இல்லைன்னு நினைக்கிற புத்தி எனக்கும் உண்டு. அதை அசைத்த கதை இது.

1941 டிசம்பர் 6. கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவருகே 'பெர்சியஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. உள்ளே 61 பேர். பிழைத்தவர் ஜான் கேப்ஸ் மட்டும். பாட்டிலிலிருந்த ரம்மைக் குடித்துவிட்டு, பின்பக்க அவசர வழியாக மேலே வந்தேன் என்றார். தீவு மக்கள் 18 மாதம் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். பதக்கமும் கிடைத்தது. ஆனாலும் பலர் நம்பவில்லை. கப்பல் ஆட்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லையே! பயணியாக ஏறியவர் பெயர் அதில் எப்படி இருக்கும்?

1997-இல் கோஸ்டாஸ் தோக்டாரிடிஸ் குழுவினர் 52 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். அவசரக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அந்த ரம் பாட்டிலும்.

கேப்ஸ் 1985-லேயே போய்ச் சேர்ந்துட்டார்.