ஆணின் எலும்பும் ஈஸ்ட்ரோஜனும்

முதுமையில் முதுகு கூனுவது இயற்கை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1941-இல் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், முதுகெலும்பு நொறுங்கியவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்று காட்டினார். ஈஸ்ட்ரோஜன் குறைவதே காரணம் என்றார். கூர்மையான கணிப்பு அது.

ஆணின் எலும்பைக் காப்பது டெஸ்டோஸ்டிரோன்தான் என்ற எண்ணமோ அரை நூற்றாண்டு நீடித்தது. அதை உலுக்கியவர் ஒரே ஒரு நோயாளி. 1994-இல் வெளியான அறிக்கையின்படி அவருக்கு வயது 28, உயரம் 204 செ.மீ. டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே இருந்தது. மரபணுப் பிழையால் உடல் ஈஸ்ட்ரோஜனை ஏற்கவில்லை. அதனால் எலும்பு முனைகள் மூடாமல் உயரம் கூடிக்கொண்டே போனது. அந்த வயதிலேயே எலும்பு மெலிந்தும் இருந்தது. முதிய ஆண்களிடமும் எலும்புத் தேய்மானத்தைத் தடுப்பதில் ஈஸ்ட்ரோஜனின் பங்கே பெரிது என்பதை 2000-இல் மேயோ கிளினிக் ஆய்வு உறுதிப்படுத்தியது.